கடந்து போனவனின் அலை

1

மனுநீதிச் சோழன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். திருவாரூர்த் தெருவில் போகும் இளவரசனின் தேர், யாரும் கவனிக்காத நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் வந்துவிட்ட கன்று, அரண்மனை வாசலில் மணியடிக்கும் பசு, பெற்ற மகனைத் தேர்க்காலில் இடும் அரசன். பள்ளியில் கேட்டபோது தண்டனையின் பயங்கரம் மட்டும்தான் மனதில் நின்றது. கல்லூரி விடுதியில் ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்கும் வாதங்களில் அதே கதை 'தெரியாமல் செய்தது குற்றமா?' என்ற கேள்வியாகத் திரும்பி வந்தது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நான் கேட்ட எந்த வடிவத்திலும் அதை யாரும் கேட்டதில்லை. அந்தத் தேர் என்ன வேகத்தில் போனது?

கதைக்கு அது தேவையில்லை. கதையின் அக்கறை நீதியில். நீதி, நடந்து முடிந்த பிறகு வருவது. மந்திரிகள் பரிகாரம் சொல்கிறார்கள், அரசன் மறுக்கிறான், கடைசியில் இறைவன் தோன்றி எல்லாரையும் உயிரோடு எழுப்பிவிடுகிறான். நம் வாழ்க்கையில் அந்தக் கடைசிப் பகுதி நடப்பதில்லை. அதனாலேயே வேகத்தைப் பற்றிய கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கன்றைக் கொல்ல வேண்டும் என்று நம்மில் யாரும் கிளம்புவதில்லை. நம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறோம். அப்படிப் போவதாலேயே யாருக்கோ ஏதோ ஆகிறது. அதற்கு நான் எவ்வளவு தூரம் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு நான் பார்த்ததிலேயே நேர்மையான பதில் அமெரிக்கப் படகுக்காரர்களின் விதிகளில் இருக்கிறது. அதை விளக்க ஒரு நீர்வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2

அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, பெரும்பாலும் கடலுக்குள் இறங்காமலேயே வடக்கிலிருந்து தெற்கே படகில் போக ஒரு பாதை உண்டு. பெயர் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. ஆறுகள், கழிமுகங்கள், மணல்தீவுகளுக்குப் பின்னால் கிடக்கும் காயல்கள், இவற்றையெல்லாம் வெட்டுக் கால்வாய்களால் கோத்து உண்டாக்கிய நீர்ச்சாலை. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் மைல் 0. அங்கிருந்து மயாமி சுமார் 1,090 மைல். கீ வெஸ்ட் வரை எண்ணினால் 1,243. ராணுவப் பொறியாளர் படை இதைத் தூர்வாரிப் பராமரிக்கிறது. சில இடங்களில் ஒரு மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக் இரைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், சிந்தாது. இலையுதிர் காலம் வந்தால் வடக்கத்திப் படகுகள் குளிருக்குப் பயந்து இந்தப் பாதையில் தெற்கே கிளம்பும். அந்தப் படகுக்காரர்களுக்குப் பனிப்பறவைகள் என்று பட்டப்பெயர்.

ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர நடுவே எனக்கு நான்கு வாரம் கிடைத்தது. பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் படகை ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோக இரண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் ஒருவன். இன்னொருவர், ராலேயில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர், மீனவர் வீட்டுப் பிள்ளை, இப்போது டேட்டாபேஸ் நிர்வாகி. எனக்குத் தண்ணீர் என்றால் ஊர்க் குளம்தான். படகுக்காரரை நாங்கள் கேப்டன் என்றே கூப்பிட்டோம்.

ஒற்றை டீசல் எஞ்சின், மணிக்கு 8 மைல். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓட்டினால் 55 மைல் தேறும். ஃபோர்ட் பியர்ஸ் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. காரில் ஒரே நாளில் போய்விடலாம். அந்த வித்தியாசத்தில்தான் இந்தக் கட்டுரை இருக்கிறது. 8 மைல் வேகத்தில் போகிறவனுக்குக் கரை தெரியும். கரையில் இருப்பவர்களுக்கும் அவன் தெரிவான்.

3

முதல் நாள் காலையிலேயே கேப்டன் சொன்ன பாடம் இதுதான். முன்னால் பார்ப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள்.

பின்னால் இருப்பது வேக். படகு தண்ணீரைக் கிழித்துப் போன பிறகு, அதன் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே போய்க் கரையில் மோதும் அலை. வாத்து நீந்தினாலும் சரக்குக் கப்பல் போனாலும் ஆழமான தண்ணீரில் அந்த விரிவின் கோணம் பெரும்பாலும் 39 பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே லார்டு கெல்வின் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வாத்துக்கும் கப்பலுக்கும் அலையின் வடிவம் ஒன்று, உயரம்தான் வேறு. உயரம் இரண்டு மடங்கானால் அலை சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு.

அந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? துறையில் கட்டியிருக்கும் படகைத் தூக்கி மரத்தூணில் இடிக்கும். உள்ளே அடுப்பில் இருக்கும் பாத்திரம் கவியும். கயாக்கில் போகிறவர் தண்ணீருக்குள் போவார். புல் முளைத்த சேற்றுக்கரை பிடி பிடியாகச் சரியும். இந்த நீர்வழியில் பல இடங்கள் வெட்டப்பட்டபோது இருந்த அகலத்தைவிட இன்று அகலமாகியிருக்கின்றன. கரையைத் தின்றதில் படகுகளின் அலைகளுக்கும் பங்குண்டு.

படகுக்காரர்களின் விதி எளிமையானது. உன் வேக் என்ன சேதம் செய்தாலும் அது உன் கணக்கு. 'நான் வேணும்னு செய்யல' என்பது அங்கே பதிலாகாது. யாரும் வேண்டுமென்று அலை எழுப்புவதில்லை, போனால் எழும். அலை நீங்கள் பார்க்காத திசையில் இருக்கிறது, அது கரையைத் தொடும்போது நீங்கள் அந்த இடத்தில் இருக்கவே மாட்டீர்கள் என்பதெல்லாம் தெரிந்தேதான் அப்படி விதி வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எங்கள் படகு மாதிரியானவற்றுக்கு ஒரு இயல்பான வேக வரம்பு இருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் 36 அடி என்றால், அதன் வர்க்கமூலம் 6, அதை 1.34ஆல் பெருக்கினால் சுமார் 8 நாட். அதற்குக் கீழே படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சாதுவாகப் போகும். வேகப் படகுகள் அந்த வரம்பைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே எழும்பி, பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மோசமான வேகம் இருக்கிறது. அங்கே படகின் பின்புறம் அமிழ்ந்து, மூக்கு தூக்கி, தண்ணீரை உழுதுகொண்டு போகும். மிகப் பெரிய அலை எழுவது அப்போதுதான். வேகமாக வருகிறவர், 'பாவம், சின்னப் படகு' என்று இரக்கப்பட்டுப் பாதி வேகம் குறைப்பார். குறைக்காமலே போயிருந்தால் விழுந்திருக்கும் அடியைவிடப் பெரிய அடி விழும். குறைப்பதானால் முழுசாகக் குறைக்க வேண்டும். தன் திருப்திக்காகச் செய்யப்படும் அரைகுறை நல்லெண்ணத்துக்கு இதைவிடச் சரியான இயற்பியல் விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

4

நார்த் கரோலைனாவில் ஒரு நீளமான வெட்டுக் கால்வாயில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பெரிய படகு ஒன்று வந்தது. ரேடியோவில் எங்கள் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. உங்கள் இடது பக்கமாகக் கடக்க விரும்புகிறேன், கொஞ்சம் வேகம் குறைக்கிறீர்களா? கேப்டன் சரி என்று சொல்லி எஞ்சினை இறக்கினார். அந்தப் படகும் இறங்கி, தவழ்ந்து, பக்கத்தில் ஊர்ந்து, முன்னால் போனது. நாங்கள் உடனே அதன் பின்புறத்துக்கு நேராகத் திரும்பி, அமைதியான நடுத்தண்ணீரில் சேர்ந்துகொண்டோம். கேப்டன் ரேடியோவில் நன்றி சொன்ன பிறகு, கொஞ்ச தூரம் போய்த்தான் அவர் வேகம் எடுத்தார்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்க அப்பா வள்ளத்துல நின்னு வலை இழுத்துக்கிட்டு இருக்கும்போது பெரிய போட்டு பக்கத்துல போகும், தம்பி. அவன் நம்ம மேல ஏத்தல்ல. அவன் பாட்டுக்குப் போறான். வள்ளம் ஆடுற ஆட்டத்துல கயிறு அப்பா கையை அறுத்துட்டுப் போயிரும். அவனுக்குத் தெரியவே தெரியாது. நாங்க கெட்ட வார்த்தை சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் எங்கேயோ போயிருப்பான்."

"இங்க கேட்டுட்டுப் போறான், இல்லண்ணே?"

"கேக்கான். அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அந்தக் கேட்டல் வெறும் பண்பு கிடையாது. அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிகளில் கடக்கிற படகு தன் நோக்கத்தை முதலில் ஒலியால் அறிவிக்க வேண்டும். உன் வலது பக்கம் கடக்கிறேன் என்றால் ஒரு குறுகிய ஊதல், இடது பக்கம் என்றால் இரண்டு. முன்னால் இருப்பவர் சம்மதித்தால் அதே ஒலியைத் திருப்பித் தருவார். சந்தேகம் இருந்தால் ஐந்து ஊதல். ரேடியோவில் பேசி ஒத்துக்கொண்டால் ஊத வேண்டியதில்லை. அதாவது, வேகமாகப் போகிற சக்தி என்னிடம் இருப்பதாலேயே கடக்கும் உரிமை எனக்கு வந்துவிடுவதில்லை. அதை மெதுவாகப் போகிறவர் தர வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாங்கள் 8 மைலில் பிடிவாதமாகப் போயிருந்தால், எங்களைக் கடக்க அவர் 11, 12 என்று போயே ஆக வேண்டும். அதுதான் அந்த மோசமான நடு வேகம். நாங்கள் 4க்கு இறங்கினால் அவர் 6இல் கடந்துவிடலாம். அடி படக்கூடியவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் அலை சின்னதாகும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கேட்பது பலசாலியின் கடமை. விட்டுக்கொடுப்பது அதற்குப் பிறகு. கேட்காமலே வந்துகொண்டு, 'நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க' என்று சொல்வது வேறு விஷயம். நம் குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் நடப்பது அந்த வேறு விஷயம்தான்.

அதே விதிகளில் எனக்குப் பிடித்த இன்னொரு வரையறை இருக்கிறது. கடக்கிற படகு, மற்றதை முழுசாகக் கடந்து விலகிப் போகும்வரை பொறுப்பிலிருந்து விடுபடாது. நடுவில் இரண்டு படகுகளின் கோணம் மாறலாம், பக்கத்தில் பக்கம் வரலாம், 'இப்ப நான் கடக்கறவனே இல்லை, ரெண்டு பேரும் சமம்' என்று வாதாட இடம் வரலாம். விதி அந்த வாதத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது.

5

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் துறையில் வேகம் ஒரு பண்பு கூட இல்லை, நற்குணம். யார் எவ்வளவு சீக்கிரம் வெளியிட்டார்கள் என்பதில்தான் மரியாதை. எங்களிடம் டாஷ்போர்டுகள் நிறைய உண்டு. அவை எதைக் காட்டுகின்றன என்று யோசித்துப் பார்த்தால், படகின் வேகம், எஞ்சினின் சூடு, மிச்சமிருக்கும் எரிபொருள். எல்லாமே நம் படகைப் பற்றியவை. கரையைக் காட்டும் டாஷ்போர்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு வரைபடச் செயலி ஐந்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்காக வண்டிகளைக் குடியிருப்புத் தெருவுக்குள் திருப்புகிறது. காரில் போகிறவருக்கு லாபம், செயலிக்கும் லாபம். அந்தத் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். அவர்கள் பயனர்கள் இல்லை, எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். பத்து நிமிடத்தில் மளிகை வந்து சேர்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைச் சாலையில் மழையில் தேடி எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். இவற்றில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பிழையும் கிடையாது, எழுதியபடியேதான் ஓடுகிறது. போனால் அலை எழும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் நண்பர்கள் வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். "அப்படிப் பாத்தா மனுஷன் எதுவுமே செய்ய முடியாதே. மூச்சு விட்டாக்கூட யாருக்கோ பாதிப்புதான்." நியாயமான பதில். விளைவுகளுக்கு எல்லையில்லாமல் பொறுப்பேற்றால் அது அறமாக இருக்காது, நோயாகிவிடும். அலையே எழுப்பாத படகு துறையில் கட்டிக்கிடக்கும் படகுதான்.

படகுக்காரர்களின் விதி யாரையும் கட்டிக்கிடக்கச் சொல்லவில்லை. அல்பமார்ல் சவுண்ட் மாதிரி அகன்ற நீர்ப்பரப்பில் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம். அலை விரிந்து, தளர்ந்து, நடுத்தண்ணீரிலேயே அடங்கிவிடும். 'அலை எழுப்பாதே' என்ற பலகைகள் இருப்பது படகுத் துறைகளுக்கு முன்னால், குறுகிய வெட்டுகளில், எரிபொருள் நிரப்பும் இடங்களில். பொறுப்புக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தீர்மானிப்பது என் மனசாட்சி எவ்வளவு மென்மையானது என்பது இல்லை. கரை எவ்வளவு கிட்டே இருக்கிறது, அங்கே யார் கட்டிக்கிடக்கிறார்கள் என்பதுதான். இது எனக்குப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது, தப்பிக்க முடியாததாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பில்லை. ஆனால் இந்த இடம் குறுகலானது என்று தெரிந்துகொள்வது என் வேலை.

6

பசுவுக்கு மணி இருந்தது. ரேடியோ வைத்திருப்பவருக்கு ரேடியோ இருக்கிறது. இரண்டும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஃப்ளோரிடாவுக்குள் நுழைந்த பிறகு பலகைகளின் காரணம் மாறிவிடும். அங்கே மெதுவாகப் போகச் சொல்வது மானட்டிகளுக்காக. கடற்பசு என்று நாம் சொல்லும் ஆவுளியாவின் உறவுக்கார உயிர். சாதுவான, பெரிய உடம்பு. மூச்சு விட மேலே வரும், புல் மேயக் கரையோரம் வரும், பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். இங்கே பிரச்சினை அலைகூட இல்லை, படகே. அடிப்பகுதி மோதும், சுழலி முதுகைக் கிழிக்கும். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மானட்டியையும் தனித்தனியாக அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் உடம்பிலுள்ள வடுக்களை வைத்து. வடுக்களைப் படமெடுத்து, ஒப்பிட்டு, இது இன்ன மானட்டி என்று பதிவு செய்கிறார்கள். நாம் போட்ட காயம்தான் அதற்கு நாம் வைத்த பெயர்.

1978இல் ஃப்ளோரிடா மாநிலம் மானட்டிகளுக்கென்று சரணாலயச் சட்டம் போட்டது. வேகக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அதன் வழியாக வந்தன. இன்றும் அவற்றைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க நடை வேகத்தில் போனபோது எங்களுக்கும் கொட்டாவி வந்தது. ஒரு மானட்டிகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், கன்று தென்பட்ட பிறகு தேரை நிறுத்துவது அறம் என்று சொல்ல வேண்டியதே இல்லை, அதை யாரும் செய்வார்கள். கன்று எதுவும் தென்படாத தெருவில் மெதுவாகப் போவதற்குத்தான் ஒரு விதி தேவைப்படுகிறது. மணியடிக்க முடியாதவர்களுக்காக வேறு யாரோ முன்கூட்டியே அடித்த மணிதான் அந்தப் பலகைகள்.

7

பயணத்தின் முதல் நாளிலேயே கடந்த ஓர் இடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மேலே சொன்ன விதிகள் அங்கே எனக்குப் போதவில்லை.

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே போக இரண்டு வழி. ஒன்று, 1859இல் திறந்த கால்வாய், நீராவித் தூர்வாரிகளை வைத்து வெட்டியது. இன்னொன்று டிஸ்மல் சதுப்பு நிலக் கால்வாய், 22 மைல். 1793இல் வேலை ஆரம்பித்து 1805இல் படகுகள் போகத் தொடங்கின. அது மனிதர்கள் கையால் வெட்டியது. அந்த மனிதர்கள் அடிமைகள். சுற்றுவட்டார முதலாளிகளிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள், வாடகை முதலாளிக்குப் போகும். நாங்கள் அந்த வழியில் போனோம். மரங்களிலிருந்து இறங்கும் சாறு கலந்து தண்ணீர் கறுந்தேநீர் நிறத்தில் இருக்கும், அசைவே இருக்காது. கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும். இந்த நீர்வழியிலேயே அழகான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கால்வாயில் படகுகளை நடத்தியவர்களில் ஒருவர் மோசஸ் கிராண்டி, அவரும் அடிமை. தன் விடுதலைக்காக மூன்று முறை பணம் கட்டினார். முதல் இரண்டு முறையும் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். 1843இல் லண்டனில் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் கதையில், இடுப்பளவும் அதற்கு மேலும் சேற்றில் நின்று அந்தச் சதுப்பு நிலத்தில் மண் வெட்டியவர்களைப் பற்றிச் சொல்கிறார். இன்னும் உள்ளே, யாரும் வர முடியாத சதுப்பின் நடுவில், தப்பி ஓடியவர்கள் தலைமுறைகளாக ஒளிந்து வாழ்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் நங்கூரம் போட்ட பிறகு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கேப்டனின் தாத்தா 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர். நானும் அண்ணனும் விசா எடுத்து நேற்று வந்தவர்கள். விதிப்படி பார்த்தால் அலையை எழுப்பியவன்தான் பொறுப்பு. நாங்கள் மூன்று பேரும் அந்த அலையை எழுப்பவில்லை. "நமக்கு என்ன தம்பி இதுல?" என்று அண்ணன் கேட்டார். தட்டிக்கழிக்கிற தொனியில் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்கு அப்போது சென்னை நினைவுக்கு வந்தது. நான் முதல் வேலை பார்த்த ஓஎம்ஆர் கட்டடத்துக்குப் பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்போம். 19ஆம் நூற்றாண்டில் அதுவும் இதே மாதிரி கடலோர நீர்ச்சாலைதான், உப்பும் விறகும் நெல்லும் போன பாதை. அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தின் நிவாரண முகாம்களில், கொடுக்கும் கூலியைக் குறைக்கச் சொல்லி அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அவர் வைத்த அளவு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். மண் வெட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. கால்வாய்க்கு வைத்த பெயர் அப்போதைய ஆளுநருடையது. 'இது அவங்க ஊர்ப் பிரச்சினை' என்று சொல்லி நகர முடியாதபடி அந்தக் கறுப்புத் தண்ணீர் என்னைப் பிடித்துக்கொண்டது.

சரி, இதற்கு என்ன செய்வது? குற்றவுணர்வு ஒரு வழி. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அது பின்னால் திரும்பிப் பார்ப்பதுபோலத் தோன்றும், ஆனால் முக்கால்வாசி நேரம் நம்மையேதான் பார்த்துக்கொண்டிருப்போம். 'முடிஞ்சு போன கதை' என்பது இன்னொரு வழி. அதைத்தான் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பத்து நாள் கழித்து சவுத் கரோலைனாவில் வக்கமா ஆற்றில் போனோம். இரண்டு பக்கமும் பாழாய்க் கிடக்கும் பழைய நெல் வயல்கள். வரப்புகளின் மேடு இன்னும் தெரிகிறது. கடல் ஏற்றத்தால் ஆறு உயரும்போது நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, வற்றும்போது வடிக்க மரத்தால் மதகு செய்திருந்தார்கள். தஞ்சாவூர்க்காரன் எவனும் பார்த்தவுடன் புரிந்துகொள்வான். அந்த நெல்லை விளைவித்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். நெல் தெரிந்த கைகள் அவை. அவர்களின் வழிவந்தவர்கள், குல்லா கீச்சி மக்கள், இன்னும் இந்தக் கரையோரத் தீவுகளில் இருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு கஷ்டப்பட்டு வாங்கிய நிலங்கள். இப்போது ஹில்டன் ஹெட் போன்ற தீவுகளில் சொகுசு விடுதிகளும் கோல்ஃப் மைதானங்களும் வந்து நிலத்தின் விலை ஏறியிருக்கிறது, வரி ஏறியிருக்கிறது. உயில் எழுதாமல் பரம்பரையாக எல்லாருக்கும் பொதுவாக வந்த நிலம் என்பதால், எங்கோ இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை வாங்கி நீதிமன்றம் வழியாக முழுசையும் ஏலத்துக்குக் கொண்டுவர வழி இருந்தது. அப்படிப் பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன.

எப்போதோ எழும்பிய அலை. அது இன்னும் கரையில் மோதிக்கொண்டிருக்கிறது. கரைக்கு எதிரே, அமைதியான தண்ணீரில், நங்கூரம் போட்டு நாங்கள் சோறு பொங்கிச் சாப்பிட்டோம்.

அண்ணனின் கேள்விக்கு இப்போது என்னிடம் இருக்கும் பதில் இது. அந்த அலையை நாம் எழுப்பவில்லை. ஆனால் அது வெட்டிவிட்ட பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம், நம் எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும் விலையேற்றத்தில், விடுமுறைக்கு வீடு தேடும் என்னைப் போன்ற ஐடிக்காரனின் சம்பளமும் இருக்கிறது. அதாவது பழைய அலைமேல் என் அலையும் ஏறுகிறது. பழசுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. இந்த இடம் ஏற்கெனவே அடிபட்ட கரை, குறுகலான இடம் என்று தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்க முடியும். முழுசாகக் குறைக்க வேண்டும், பாதி அல்ல. அதைத் தெரிந்துகொள்ள வரலாறு படிக்க வேண்டியிருக்கிறது. படகுக்காரர்கள் கரை வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்வது மாதிரிதான் அதுவும்.

'முழுசாகக் கடந்து விலகும்வரை' என்று விதி சொல்கிறது. அது எப்போது என்று யார் சொல்வது? முன்னால் போய்விட்டவருக்கு எப்போதும் தான் கடந்துவிட்டதாகத்தான் தோன்றும். அவர் பார்வையில் தண்ணீர் சமமாகிவிட்டது, எல்லாரும் சமம், பழைய கதை எதற்கு? பின்னால் இருக்கும் படகு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அண்ணனின் அப்பா கயிறு அறுத்த கையோடு நின்றபோது, அந்தப் பெரிய போட்டு தன் கணக்கில் எப்போதோ கடந்து முடித்திருந்தது. எதற்கெடுத்தாலும் 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க' என்று முன்னால் போனவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

கால்வாயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கடந்து போனவர் உடனே எஞ்சினை முடுக்குவதில்லை. பின்னால் இருப்பவர் படகைத் திருப்பி அமைதியான தண்ணீருக்குள் வந்து, சரி, போகலாம் என்று ரேடியோவில் சொல்லும்வரை காத்திருப்பார். ஒரு நிமிடம்தான் ஆகும். முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்தங்கியவரிடம் இருக்கிறது.